அத்தானின் சேர்ட்டுகள்

2025 ஒக்டோபர் 18, சனிக்கிழமை. வழமைபோல ஐந்தரைக்கு எழுந்து கேத்திலை வைத்தேன். தேயிலை ஊறும் நேரத்தில் முதல் தொகுதி உடுப்பை மெசினில் போட்டேன். சனிக்கிழமை வேலைகளுக்கு எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு உண்டு: உடுப்பு, குசினி நிலம், குளிர்சாதனப் பெட்டி, பிறகு கடை. பெட்டியிலிருந்த புதன்கிழமைப் பருப்பை எடுத்து எறிந்தேன். வியாழக்கிழமைக் கத்தரிக்காய்க் குழம்பு நன்றாகவே இருந்தது, மதியத்துக்கு வைத்துக்கொண்டேன். கணவர் நான் எழும்ப முதலே வேலைக்குப் போயிருந்தார். சனிக்கிழமைகளில் அவருக்கு வேலை தொடங்குவது ஏழரைக்குத்தான். அவர் ஏன் முந்திப் போனார் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லும் முன் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அக்கா ரொறன்ரோவில், எங்கள் வோபர்ன் வீட்டின் பேஸ்மென்ட் அறையில் இருக்கிறார். அவருடைய கணவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். யுத்தம் முடிந்த வருடம் இருவரும் சனத்தோடு சனமாக நடந்து வந்தபோது, தண்ணீர் கிடைக்குமா என்று பார்த்துவருவதாகச் சொல்லிப் போன அத்தான் திரும்பி வரவில்லை. அக்கா எல்லா முகாம்களிலும் விசாரித்தார். எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதினார். ஒரு பதிலும் இல்லை. கனடாவுக்கு வந்து பதின்மூன்று வருடமாகிறது. இன்றைக்கும் தாலி கழுத்தில் இருக்கிறது, நெற்றியில் குங்குமம் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில் அத்தானின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்கிறார். பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வது உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். அதை எங்கள் வீட்டில் யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அக்கா அத்தானுக்கு ஒரு சேர்ட் வாங்குவார். ஆள் இல்லாமல் எப்படி அளவு தெரியும் என்றால், அதற்கு என் கணவர் இருக்கிறார். அவரும் அத்தானும் ஒரே வயது, ஊரில் இருந்தபோது ஒரே உடம்புவாகு, ஒருவர் சேர்ட்டை மற்றவர் போடுவார்கள். சேர்ட் வாங்கப் போகும் சனிக்கிழமைக்கு முதல்நாள் மாலை கணவர் குசினிக் கதிரையில் வந்து இருப்பார். நான் தையல் நாடாவால் அவருடைய கழுத்தை அளப்பேன். அக்கா அடுப்படியில் நின்று அளவைக் கேட்டுக்கொள்வார்.

"என்ர கழுத்தை வைச்சு இன்னொருத்தருக்குச் சேர்ட் எடுக்கிற வீடு ரொறன்ரோவில இது ஒண்டுதான்," என்பார் கணவர்.

"நாடி நிமித்துங்கோ. கதைச்சால் அளவு மாறும்," என்று அவருடைய மோவாயைத் தூக்கிவிடுவேன்.

"இந்த வயசில ஆம்பிளையளுக்குக் கழுத்துத் தடிக்கும். அவருக்கும் அப்பிடித்தான் இருக்கும்," என்பார் அக்கா.

முதல் வருடம் பதினைந்தரை அங்குலமாக இருந்த கழுத்துப்பட்டி போன வருடம் பதினாறரைக்கு வந்துவிட்டது. சேர்ட்டுகள் எல்லாம் அக்காவின் அலுமாரியில் தொங்குகின்றன. ஒன்றிலும் விலைத்துண்டு வெட்டப்படவில்லை.

இந்த வருடம் வெள்ளிக்கிழமை மாலை கணவர் கதிரையில் வந்து இருக்கவில்லை. களைப்பு, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி மேலே போனார். மறுநாள் விடிய முதல் வீட்டைவிட்டுப் போய்விட்டார். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நாடியை நிமிர்த்த அவரால் முடியவில்லை. காரணம், மகளின் பாட்டு.

மகளுக்கு இருபத்தைந்து வயது. கன்ட்ரி என்கிற வட அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் ஆங்கிலப் பாட்டுப் பாடுகிறாள். நாங்கள் அவளுக்குச் சங்கீதம் படிப்பித்தோம், வயலின் வாங்கிக் கொடுத்தோம். கன்ட்ரி பாட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது அக்காவால்தான். அக்கா வேலை செய்யும் பேக்கரித் தொழிற்சாலையில், பணிஸ் பொதி செய்யும் வரிசைக்கு மேலே ஒரு வானொலி இருக்கிறது. சுப்பர்வைசருக்குப் பிடித்தது கன்ட்ரி வானொலி. எட்டு மணி நேரம் அதைக் கேட்டுவிட்டு வரும் அக்கா, மாலையில் வெங்காயம் வெட்டும்போது அந்த மெட்டுகளைச் சொல் இல்லாமல் முனகுவார். கதைக்கிற ஆங்கிலம் விளங்கினாலும் பாட்டில் வரும் சொற்கள் அவருக்குப் பிடிபடாது. பள்ளிக்கூடத்தால் வந்த மகள் அதைக் கேட்டு, என்ன பாட்டு என்று தேடிக் கண்டுபிடித்து, பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டுவாள். பிறகு கிற்றார் வேண்டும் என்றாள். பிறகு பாட்டு எழுதத் தொடங்கினாள்.

"மாயாமாளவகௌளை படிச்ச பிள்ளை மாட்டுக்காரன்ர தொப்பியோட நிக்குது," என்று கணவர் மில்லிக்கனில் இருக்கும் தன் தமக்கைக்குத் தொலைபேசியில் முறைப்பட்டது நினைவிருக்கிறது. ஆனால் அவளுடைய முதல் நிகழ்ச்சிக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

இந்த ஏப்ரலில் ஒரு புதுப் பாட்டை அவள் எங்கள் குசினியில் வைத்துத் தன் தொலைபேசியில் போட்டாள். அக்கா அப்போது வேலையில். பாட்டின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'அவனுடைய அளவு' என்று வரும். காணாமல் போன கணவனுக்கு வருடாவருடம் சேர்ட் வாங்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. கடைசிப் பகுதியில் அந்தப் பெண் சேர்ட்டுகளை வாவிக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டு, தான் விதவை என்று சொல்கிறாள்.

கணவர் எழும்பி யன்னலடிக்குப் போனார். நான் மகளிடம், "கடைசியை ஏன் உப்பிடி எழுதினனீ?" என்று கேட்டேன்.

"அம்மா, பாட்டெண்டால் அதுக்கொரு எண்டிங் வேணும். அவ வாங்கிக்கொண்டே இருக்கிறா எண்டு முடிக்கேலாது. அது ஸோங் இல்லை."

பாட்டு நல்ல பாட்டு. அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அக்காவுக்கு என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. ஒரு வழியைக் கணவர்தான் சொன்னார்:

"காதல் பாட்டெண்டு சொல்லு. அதுக்கு மேல அக்கா கேக்கமாட்டா."

உண்மை. எங்கள் குடும்பத்தில் பிள்ளைகளின் காதல் பாட்டுக்குப் பெரியவர்கள் அர்த்தம் கேட்பதில்லை. அன்று மாலை நான் அக்காவிடம் அப்படியே சொன்னேன். "சரி, அவளின்ர வயசுக்கு அதுதானே," என்று அக்கா அந்தப் பேச்சை முடித்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அத்தானின் பெயருக்குப் பிறகு மகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்வித்தார். பாட்டு முன்னுக்கு வரவேண்டும் என்று.

பாட்டு முன்னுக்கு வந்தது. கோடை முடியும்போது கன்ட்ரி வானொலிகளின் பட்டியலில் அதற்கு முதலாவது இடம் கிடைத்தது. மகளின் முதல் வெற்றி. அக்கா தொழிற்சாலை வானொலியில் அவளுடைய குரலைக் கேட்டு, மறுநாள் இரண்டு தட்டு பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டு போய் வேலைத்தலத்தில் கொடுத்தார். அதன் பிறகு ஒரு பேட்டியில் மகளிடம் இது உண்மைக் கதையா என்று கேட்டார்கள். என் பெரியம்மாவின் கதை, அவருடைய கணவர் போரில் இறந்துவிட்டார் என்று அவள் சொன்னாள். அந்தக் காணொளித் துண்டை யாரோ தமிழ் எழுத்துகள் போட்டு அனுப்ப, ஸ்காபரோ முழுக்க அது தொலைபேசிக்குத் தொலைபேசி போனது.

அக்காவின் தொலைபேசிக்கு மட்டும் வரவில்லை. எங்கள் சனத்துக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். ஒரு வீட்டில் சாவு நடந்தால், ஊரெல்லாம் தெரிந்தபின்னும் உரியவருக்குச் சொல்லமாட்டோம். முதலில் சாப்பிடட்டும் என்போம், வீட்டுக்கு வந்து சேரட்டும் என்போம். அக்காவைத் தெரிந்த ஒருவர்கூட அந்தத் துண்டை அவருக்கு அனுப்பவில்லை. கோயிலில் அவருக்கு வழி விட்டார்கள். அவ்வளவுதான். இப்படியே தீபாவளி கடந்துவிடும் என்று நாங்கள் நம்பினோம்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு நானும் அக்காவும் கடைக்குப் போனோம். பிளாசாவில் பலசரக்குக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் இருக்கும் உடுப்புக்கடை. கடைக்காரர் எங்களைவிட நாலைந்து வயது இளையவர். அக்கா ஒருபோதும் அவருக்கு எதையும் விளக்கிச் சொன்னதில்லை. "அவருக்கு ஒரு சேர்ட், பதினாறு," என்று அளவை மட்டும் சொல்வார். அதனால் கடைக்காரர் ஒவ்வொரு வருடமும் ஒரே பகிடியை விடுவார்: "அக்கா, ஒருக்கால் அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன். எனக்கு எப்பவும் கழுத்து மட்டும்தான் வருது, ஆள் வரக்காணேல்லை." அக்கா சிரித்துவிட்டு, "ஓம், கூட்டிக்கொண்டு வாறன்," என்பார். அந்தப் பகிடிக்காகவே அவர் வேறு கடைக்குப் போவதில்லை என்று நான் நினைத்ததுண்டு. வருடத்தில் ஒரு தடவை, ஒரு ஆள் அத்தானைப் பற்றி, கடைக்கு வரச் சோம்பல்படும் ஒரு மனுசனைப் பற்றிப் பேசுவது மாதிரிப் பேசுவார்.

அளவெடுக்காததால் போன வருட அளவையே அக்கா கேட்டார். மெல்லிய கோடு போட்ட சாம்பல் நிறச் சேர்ட் ஒன்றைத் தெரிந்தெடுத்து மேசையில் வைத்தார். கடைக்காரர் பகிடி விடவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து நின்றார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. எனக்குத் தெரியாமல் போச்சு. இவ்வளவு வருசமும் விசர்ப் பகிடி விட்டுக்கொண்டு நிண்டிட்டன்."

"என்ன தெரியாமல் போச்சு, தம்பி?"

"அண்ணை இல்லையெண்டது. பிள்ளையின்ர பாட்டைக் கேட்டனாங்கள். பேட்டியும் பாத்தனாங்கள். என்ர மனுசி அழுதிட்டா. இதுக்குக் காசு வேண்டாம் அக்கா, கொண்டுபோங்கோ."

அவர் நல்ல மனுசர். அதைவிட மோசமாக அதை யாராலும் சொல்லியிருக்க முடியாது. அக்கா என்னைப் பார்த்தார். நான் சேர்ட்டைப் பார்த்தேன். அக்கா அதை மடிப்புக் குலையாமல் மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

காரில் ஏறி நான் இருக்கைப் பட்டியைப் போட்டேன். அக்கா கேட்டார்:

"காதல் பாட்டெண்டல்லோ சொன்னனீ?"

நான் காரைப் பின்னுக்கு எடுத்தேன். அக்காவே தொடர்ந்தார்:

"வேலையில ஒரு நியூபவுண்ட்லாந்துக்காரி, பிள்ளையின்ர பாட்டுப் போகேக்க வந்து என்னைக் கட்டிப்பிடிச்சவள். பணியாரம் பிடிச்சுப்போச்சாக்கும் எண்டு நினைச்சன்."

மார்க்கம் வீதியில் வாகனங்கள் நெருக்கமாக நின்றன. வானொலி போடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா மேலங்கியைக் கழற்றாமலே குசினி மேசையில் இருந்தார்.

"பாட்டைப் போடு. போட்டு, ஒவ்வொரு வரியாத் தமிழில சொல்லு."

நான் தொலைபேசியை மேசையில் வைத்தேன். ஒரு வரி ஓடியதும் நிறுத்துவேன், சொல்லுவேன், மறுபடி ஓடவிடுவேன். வேலைத்தலத்தில் நான் நாள் முழுக்க மற்றவர்களின் ஆவணங்களைச் சரிபார்க்கிறவள். ஒரு சொல் மாறியிருந்தாலும் அதை எழுதி அனுப்பியவரிடமே கேட்பேன். அன்று அந்த மேசையில் எனக்கு ஒரே எண்ணம்தான் ஓடியது: கடைசிப் பகுதியை மாற்றிச் சொல்லலாமா. சேர்ட்டுகளை வாவியில் கழுவிக் காயப்போடுகிறாள் என்று சொன்னால் அக்காவுக்கு எப்படித் தெரியப் போகிறது?

"ஒவ்வொரு இலையுதிர்காலமும் அவள் அவனுக்கு ஒரு சேர்ட் வாங்குகிறாள். விலைத்துண்டை வெட்டுவதில்லை," என்று முதல் வரிகளைச் சொன்னேன்.

"அது சரி. வந்து போட்டுப் பாத்து அளவில்லாட்டி மாத்த வேணுமெல்லோ. துண்டில்லாட்டி மாத்தித் தரமாட்டாங்கள்."

"பத்து வருசத்துக்கு முந்தின சேர்ட்டை ஆரக்கா மாத்தித் தருவினம்?"

"கேட்டுப் பாக்கலாம்."

அடுத்தது அலுமாரி. வானநீலச் சேர்ட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன, யன்னல் இல்லாத அறையில் ஒரு வானம்போல.

"நீலம் நான் ஒருநாளும் எடுக்கேல்லை. அவருக்கு நீலம் பிடிக்காது."

"பாட்டுக்காக எழுதியிருக்கிறாள்."

"ம்."

மூன்றாவது பகுதி அளவைப் பற்றியது. அந்தப் பெண் ஒவ்வொரு வருடமும் கண்ணை மூடி, தன் கையைக் காற்றில் வளைத்து, அவனுடைய கழுத்து இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கிறாள். அக்காவுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்தது. "கண்ணை மூடியோ? உன்ர மனுசன் கேட்டால் கவலைப்படுவார்," என்றார். மகளுக்கு நாடா விசயம் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் பல்கலைக்கழகத்துக்குப் போனதிலிருந்து எங்கள் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீட்டில் இருந்ததில்லை. அதற்கு முன்பும் அது அவள் கண்ணில் படவில்லை. கதவு திறந்துகிடந்த அலுமாரியை மட்டும்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

நான் தொலைபேசியை நிறுத்தினேன்.

"மிச்சத்தையும் சொல்லு."

சொன்னேன். வாவி, தண்ணீர், ஒவ்வொன்றாக விடுவது. விதவை என்ற சொல்லையும் அப்படியே சொன்னேன். மாற்றிச் சொல்ல ஒரு வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் ஏப்ரலில் சொன்ன பொய் அன்று காலைதான் கடை மேசையில் உடைந்திருந்தது. இன்னொரு பொய் சொல்ல மனம் வரவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் கரையை நேராக இழுத்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடிச் செத்தவரெண்டு சொல்லுறாளோ?"

"இல்லை."

"சொல்லமாட்டாள்தானே. ஆருக்குத் தெரியும்."

அவர் எழும்பிக் கீழே போனார். நான் கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்கினேன். யாரும் சாப்பிடவில்லை. இரண்டாவது தொகுதி உடுப்பு மெசினுக்குள்ளேயே கிடந்தது. என்னை வருத்தியது கடைக்காரர் சொன்னதல்ல. மேசையில் விட்டுவந்த சேர்ட்தான். தீபாவளி திங்கட்கிழமை. சேர்ட் இல்லாமல் தீபாவளி வந்தால் அக்கா அத்தானைக் கைவிட்டதாக ஆகும். ஒருநாள் அவர் அதைத் தானாகவே செய்திருக்கலாம், அவருக்கு அதற்கு உரிமை இருந்தது. இப்போது அந்த முடிவை ஒரு பாட்டும், ஒரு பேட்டியும், இரக்கப்பட்ட ஒரு கடைக்காரரும் சேர்ந்து எடுத்ததாகிவிடும். குங்குமம் அழிவதும் அப்படித்தான் நடக்கும் என்று பயந்தேன்.

மாலை ஆறு மணிக்கு மகள் வந்தாள். தீபாவளிக்கு இரண்டு நாள் எங்களோடு நிற்பதற்காக டவுன்டவுனிலிருந்து வந்தவள், கையில் பை, தோளில் கிற்றார். "அம்மா, இந்தக் கிழமையும் நம்பர் வன்," என்று வாசலிலேயே சொன்னாள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அக்கா படியேறி வந்தார்.

"பெரியம்மா..."

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா முதல்."

மகள் வந்து மேசையில் இருந்தாள். அக்கா எதிரே இருந்தார்.

"பாட்டு நல்லாயிருக்கு. கொம்மா வரிவரியாச் சொல்லிக் காட்டினவ. நீலம்தான் பிழை."

"பெரியம்மா, ஐ ஆம் ஸோ சொறி. அது நீங்கள் இல்லை. அது ஒரு கரெக்டர்."

"சேர்ட்டு என்ரதானே?"

மகள் மெல்லத் தலையாட்டினாள்.

"பாட்டில அவரைச் சாகவிட்டிட்டாய். அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. உந்த ரேடியோவை நான் பதின்மூண்டு வருசமாக் கேக்கிறன். அந்த நியூபவுண்ட்லாந்துக்காரி ஒவ்வொரு பாட்டுக்கும் கதை சொல்லுவாள். ஒண்டில் தேப்பன் சாகிறான், ஒண்டில் நாய் சாகுது, இல்லாட்டி மனுசி ட்ரக்கை எடுத்துக்கொண்டு போட்டாள். ஆராவது போகாமல் உங்களுக்குப் பாட்டில்லை. ஆனால் பேட்டியில ஏன் சொன்னனீ? அது பாட்டில்லையே."

"அவர் கேட்டார், உண்மைக் கதையோ எண்டு. காணாமல் போனவர் எண்டால் அவைக்கு விளங்காது பெரியம்மா. எக்ஸ்பிளெயின் பண்ணவேணும். எனக்கு முப்பது செக்கன்தான் தந்தவை."

"முப்பது செக்கனுக்குள்ள ஆளை முடிச்சுப்போட்டாய்."

மகள் அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவே அவள் ஒன்றைக் கேட்டாள். இந்த வீட்டில் இத்தனை வருடமும் நானும் கணவரும் கேட்காதது அது.

"பெரியம்மா, பதினாறு வருசம். நீங்கள் உண்மையாவே நினைக்கிறீங்களா, மாமா இருக்கிறாரெண்டு?"

அவள் பெரியப்பா என்று சொல்லவேண்டும். சிறு வயதில் அத்தானின் படத்தைப் பார்த்து மாமா என்று பழகிவிட்டாள், யாரும் திருத்தவில்லை. நான் எழும்பி அடுப்பைத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

"நினைக்கிறனோ இல்லையோ எண்டது என்ர விசயம்," என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "ஒரு நாளைக்கு நினைப்பன், ஒரு நாளைக்கு இல்லை. ஆனால் இல்லையெண்டு வாயைத் திறந்து சொல்லவேண்டியவள் நான். ஐயருக்கும் நான்தான் சொல்லவேணும். நீயுமில்லை, கொம்மாவுமில்லை, உந்த ரேடியோக்காரனுமில்லை. வெள்ளிக்கு வெள்ளி அவரின்ர பேரைச் சொல்லி அர்ச்சனை செய்யிறன். உன்ர பேரையும் சேத்துச் சொன்னனான், பாட்டு முன்னுக்கு வரவேணுமெண்டு. கோயிலில நிண்ட சனமெல்லாம் என்னைப் பாத்து என்ன நினைச்சிருக்கும்?"

"நான் பாட்டை எடுக்கச் சொல்லவா?"

"எடுக்கேலுமோ?"

"இல்லை. இப்ப கொம்பனி கையில."

"பிறகேன் கேக்கிறாய்?"

அவள் செவ்வாய்க்கிழமை இன்னொரு பேட்டி இருப்பதாகவும், அதில் சரியாகச் சொல்வதாகவும் சொன்னாள். அக்கா, "சொல்லு," என்றார். சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நினைப்பதாகத் தெரியவில்லை. முதல் துண்டு போன தொலைபேசிகளுக்கெல்லாம் இரண்டாவது துண்டு போய்ச் சேராது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அக்கா கீழே போனார். அலுமாரிக் கதவு திறந்து கிறீச்சிடுவது கேட்டது. அது மூடிய சத்தம் நான் அங்கே நின்றவரை கேட்கவில்லை.

கணவர் வந்தபோது மகள் சோபாவில் படுத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவர் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தபடி, "நேற்று நான் கதிரையில வந்து இருந்திருக்கலாம்," என்றார். பிறகு சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார்.

ஒக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு நான் கேத்திலை வைக்கக் கீழே வந்தபோது குசினி விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அக்கா தலை தோய்ந்து, சேலை கட்டி, மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். நெற்றியில் குங்குமம் இருந்தது. கண் வீங்கியிருந்தது.

"கடை எத்தினை மணிக்குத் திறப்பான்?"

"பத்துக்கு. இன்னும் நாலரை மணித்தியாலம் இருக்கு அக்கா."

"பிள்ளையைக் கார் ஓடச் சொல்லு. அவளும் வரட்டும். காசு குடுத்துத்தான் எடுப்பன், அவனுக்குச் சொல்லவேணும்." கொஞ்சம் நிறுத்தி, "நேற்று எடுத்தது போன வருச அளவு. உன்ர மனுசனை அளந்து பார்," என்றார்.

நான் தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்தேன். சத்தத்துக்கு மகள் சோபாவில் எழும்பி இருந்தாள். எதற்கு நாடா என்று கேட்டாள். பெரியம்மா அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறா என்று பார்க்க வேண்டுமானால் வா என்றேன். இருவரும் மேலே போனோம். கணவர் நித்திரையில் இருந்தார். தோளைத் தொட்டேன்.

"ஆருக்கு?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"அத்தானுக்கு."

அவர் தலையணையில் நாடியை நிமிர்த்தினார். நாடாவைக் கழுத்தின் கீழே விட்டு இழுத்தேன். மகள் குனிந்து, வெளிச்சம் போதாமல் தொலைபேசி விளக்கைப் பிடித்து, எண்ணை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு படியின் மேல்முனைக்குப் போய் நின்றாள். கீழே குசினியில் கதிரை அசையும் சத்தம் கேட்டது.

"பெரியம்மா, பதினாறரையைவிடக் கொஞ்சம் கூட."

"அப்ப பதினேழு," என்றார் அக்கா. "இறுக்காமல் இருக்கட்டும்."